பசியாவரமும் பொது நூலகமும்

நூலகம் என்றவுடன் நம்மைப் போன்ற மாணவர்களின் நினைவுக்கு வருவது தேர்வு. பருவத் தேர்வு நெருங்கும் வாரங்களில் நம் கல்லூரி நூலகத்தில் நாற்காலி கிடைப்பது அரிது. தேர்வு முடிந்த மறுநாள் அங்கே மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்கும். ஊர்களில் உள்ள பொது நூலகங்களும் இன்று பெரும்பாலும் போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களின் படிப்பறைகளாகிவிட்டன. அதில் தவறொன்றும் இல்லை. வேலை தேடும் இளைஞனுக்கு மேசையும் விளக்கும் அமைதியும் தரும் இடம் நூலகத்தை விட்டால் வேறெங்கே இருக்கிறது? ஆயினும் நூலகம் இதற்காக மட்டுந்தானா, பள்ளிப் படிப்பை இடையில் விட்டுத் தொழிலுக்குப் போனவர்களுக்கு அதில் பங்கே இல்லையா என்ற வினாவை என்னுள் எழுப்பியவர் என் சித்தப்பா.

அன்று நான் இரண்டு நூல்களைக் கையில் பிடித்தபடி பசியாவரத்துக் கரையில் வந்து இறங்கினேன். சித்தப்பா நிழலில் அமர்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"லைப்ரரிக்கா போயிட்டு வர்ற? அதுல எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இன்னாடா இருக்குது?"

ஏளனமாகக் கேட்கவில்லை. சந்தைக்குப் போய் வருபவனிடம் விலை கேட்பது போலத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. "கதைப் புத்தகமெல்லாம் இருக்குது சித்தப்பா" என்றேன். அறுந்த கண்ணை விரலால் தேடிக்கொண்டே, "கதை எங்கிட்டயே இருக்குது" என்று முடித்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அன்று சொல்லத் தெரியாத விடையைத் தேடிப் பிடிக்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடியில், பழவேற்காட்டை ஒட்டி, நீருக்கு நடுவே அமைந்த மீனவர் குடியிருப்புகளுள் ஒன்று பசியாவரம். படகும், நீர் குறைந்த நாளில் கால்களும்தான் எங்கள் பாட்டி காலத்துப் போக்குவரத்து. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்பும் நாளில் ஊரே கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும். விண்வெளிக்குப் போகும் வழி எங்களுக்கு நன்றாகத் தெரியும். நூலகத்துக்குப் போகும் வழிதான் பலருக்குத் தெரியாது.

ஏரித் தொழிலுக்கென்று ஒரு கல்வி உண்டு. கடலில் பிறந்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, பருவம் வந்ததும் மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் குஞ்சு உள்ளே வராது. நீரின் உப்பும் மாறிவிடும். உயிரியல் மாணவர்கள் இதைப் பாடநூலில் படிக்கிறார்கள். சித்தப்பாவோ நீரின் நிறத்தையும் வலையின் எடையையும் கொண்டே அறிந்துவைத்திருக்கிறார். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறையும் உண்டு. எவர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை இறக்குவது என்பதை மீனவர்கள் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. நீர் அனைவர்க்கும் பொது, இடமோ சிறிது. சண்டையின்றிப் பிழைக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட சட்டம் எனலாம். இந்தப் பாட்டைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் பலர் வந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில். சொன்னவர்கள் அதைப் படித்ததில்லை.

இது இன்று நேற்று தொடங்கிய கதை அன்று. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டளவில் கோட்டை கட்டிக் குடியேறியதை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். 1632 முதல் 1642 வரை அங்கே டச்சுக்காரரின் சமயகுருவாக இருந்தவர் ஆபிரகாம் ரோஜர். அவர் பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து இவ்வூர் மக்களின் வழிபாடு, பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஆசிரியர் மறைந்த பின் 1651இல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் அச்சாகி, ஐரோப்பாவில் பலராலும் படிக்கப்பட்டது. பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதல் ஐரோப்பிய மொழி ஒன்றுக்குப் போனது இந்நூல் வழியாகத்தான். அதாவது, ஏறத்தாழ 375 ஆண்டுகளுக்கு முன்பே பழவேற்காட்டில் ஒரு நூல் உருவாகி உலகம் சுற்றியிருக்கிறது. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் நின்று இந்த நூலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் அகப்பட்டால் உங்களுக்கு நல்ல நாள். மக்களிடமிருந்து பெற்ற அறிவு மக்களிடமே திரும்பி வரவேண்டுமானால் அதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் பொது நூலகம்.

இந்த எண்ணத்தை நம் நாட்டில் ஓர் இயக்கமாக்கியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். அவர் முதலில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தபோது, பேச ஆளில்லாத அந்த வேலை பிடிக்காமல் மீண்டும் வகுப்பறைக்கே போய்விட நினைத்தாராம். நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று, அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்து வந்த பிறகு அவர் வேறு மனிதரானார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. நூலகவியல் படிப்போர் அவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அவற்றின் சாரம் இவ்வாறு படுகிறது: நூல் அலமாரியின் சொத்தன்று, பயன்படுத்துவோரின் சொத்து, எவராயினும் அவருக்கென்று ஒரு நூல் எங்கோ காத்திருக்கிறது, அதை அவரிடம் சேர்ப்பது நூலகத்தின் கடமையே ஒழிய, தேடி வருவது அவருடைய கடமையன்று. 'எவராயினும்' என்னும் சொல்லில் என் சித்தப்பாவும் அடங்குவார் அல்லவா?

விதி எழுதிய அதே 1931ஆம் ஆண்டில், அதை ஒருவர் செய்தும் காட்டினார். மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் ஒரு மாட்டு வண்டியில் நூல் அடுக்குகளைப் பொருத்தி, அதை ஊர் ஊராக அனுப்பினார். இந்தியாவின் நடமாடும் நூலகங்களுக்கு முன்னோடி என்று இதைச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களும் இருந்த காலம் அது. களத்து மேட்டிலும் சாவடியிலும் வண்டி போய் நின்றால், நின்ற இடமே நூலகம். சாலை உள்ள ஊருக்கு வண்டி என்றால் நீர் சூழ்ந்த ஊருக்குப் படகு. நார்வே நாட்டின் மேற்குக் கரையில் 'எப்போஸ்' என்னும் நூலகக் கப்பல் சாலை எட்டாத சிற்றூர்களுக்கு நூல்களை ஏற்றிக்கொண்டு 2020 வரை போய்வந்தது. வங்கதேசத்தில் வெள்ளத்தால் பள்ளிக்கூடம் மூழ்கும் பகுதிகளில் 2002 முதல் படகுப் பள்ளிகளும் படகு நூலகங்களும் இயங்குகின்றன. நம் ஏரியில் அப்படி ஒன்று மிதந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மிதந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

நிற்க. கட்டணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, அரங்கநாதனின் நெடுநாள் முயற்சியின் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரியின்மேல் ஒரு சிறு கூடுதல் வரியாக அதைப் பெற்று நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் ரூபாய்க்குச் சில காசுகளாக இருந்தது, இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. நூறு ரூபாய் வீட்டு வரி என்றால் நூலகத்துக்குப் பத்து ரூபாய்.

இதைப் படித்த அன்று மாலையே வீட்டில் இருந்த வரி ரசீதை எடுத்துச் சித்தப்பாவிடம் காட்டினேன். நூலக வரி என்ற வரியையும் அதற்கு நேரே இருந்த தொகையையும் விரல் வைத்துப் படித்துச் சொன்னேன். வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தினி வருசமா நாம காசு கட்டிக்கினா இருக்குறோம்?"

"ஆமாம் சித்தப்பா."

"அப்ப அது நம்ம லைப்ரரிதான்னு சொல்லு."

ஐந்து விதிகளையும் விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். ரசீது அதை அரை நொடியில் செய்துவிட்டது.

வரி ஒழுங்காகப் போகிறது; நூலகம் வருகிறதா என்பதே அடுத்த வினா. தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று படிப்படியாக ஓர் அமைப்பு இருக்கிறது. எழும்பூரில் 1896 முதல் நடைபெற்றுவரும் கன்னிமாரா நூலகமும், கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நமக்குப் பெருமை தருவனவே. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடங்கள் எழும்பின. திட்டத்தைத் தீட்டியவர்களின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அக்கட்டடங்களுள் பல பிற்காலத்தில் பூட்டிக் கிடந்ததையும் நாம் கண்டோம். சிலவற்றில் நூல்களைக் காட்டிலும் கரையான்கள் மிகுதியாகப் படித்தன. அண்மை ஆண்டுகளில் அவற்றைப் பழுதுபார்த்து மீண்டும் திறக்கும் பணி நடந்துவருவது ஆறுதலான செய்தி.

திறந்திருக்கும் நூலகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அதை நான் என் அனுபவத்திலேயே கண்டேன். ரசீதைப் பார்த்த பின் சித்தப்பாவுக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. ஒரு நாள் மீனைக் கரை சேர்த்து, விற்று, குளித்து முடித்து, என்னோடு ஒரு நூலகத்துக்கு வந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். போய்ச் சேர்ந்தபோது நண்பகல், கதவு சாத்தியிருந்தது. மாலையில் மீண்டும் திறப்பார்கள் என்றது பலகை. மாலையில் அவர் ஏரிக்குப் போயாக வேண்டும். சாத்திய கதவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கடியாரம் வேற, தண்ணி வேற" என்றார். அலுவலகக் கடிகாரம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுகிறது; ஏரிக்காரனின் நாளோ நிலவையும் நீரோட்டத்தையும் பொறுத்து முன்னும் பின்னும் நகர்கிறது. நூலகர் செய்த தவறன்று இது. விதிப்படி அவர் சரியான நேரத்துக்குத்தான் பூட்டினார். அந்த விதியை எழுதியபோது மீனவனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பெண்களின் நிலை இன்னும் கடினம். மீன் கூடையோடு விடியற்காலை புறப்படுபவர்கள், திரும்பி வந்து உலை வைக்க வேண்டும். ஏரிச் சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். பழவேற்காட்டில் பனை ஓலையில் அழகழகாகப் பெட்டிகள் முடையும் இசுலாமியப் பெண்கள் இருக்கிறார்கள். சந்தையில் எந்த வடிவத்துக்கு விலை கிடைக்கிறது, கூட்டுறவு எப்படித் தொடங்குவது, கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய வேண்டிய தேவை அவர்களுக்கு நம்மைவிட அதிகம். ஆனால் ஆண்கள் நாளிதழ் விரித்து அமர்ந்திருக்கும் ஒரே அறைக்குள் எத்தனை பெண்கள் நுழைவார்கள்? தனியே ஒரு மணி நேரமோ, தனியே ஓர் அறையோ, அல்லது அவர்கள் ஓலை முடையும் திண்ணைக்கே வந்து சேரும் ஒரு நூற்பெட்டியோ இல்லாத வரை 'அனைவர்க்கும் அனுமதி' என்னும் பலகை பாதி உண்மையே.

நேரத்தைப் பற்றிய இந்தச் சிக்கலுக்கு அண்டை மாநிலம் வேறு வழி கண்டிருக்கிறது. கேரளத்தில் பி. என். பணிக்கர் என்னும் பள்ளி ஆசிரியர் 1945இல் திருவிதாங்கூரில் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அங்கே ஊர் நூலகம் ஊராரின் சொத்து. உறுப்பினர்களே குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அரசு மானியம் தருகிறது. மாலை நேரத்துப் பேச்சு, கூட்டம், நாடகம் எல்லாம் அங்கேதான். எழுத்தறிவு இயக்கத்துக்கும் அந்த நூலகங்களே நாற்றங்கால். எப்போது திறப்பது என்பதை ஊரே பேசி முடிவு செய்யலாம். நம் முறையில் நிதி உறுதியாக வருகிறது, ஊரின் கை குறைவு. அவர்கள் முறையில் ஊரின் கை ஓங்கியிருக்கிறது. இரண்டையும் இணைத்தால் என்ன என்று நூலகவியல் அறிந்த நம் பேராசிரியர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

சரி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நூலகத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அதிகாரங்கள் வகுத்தவர், அவற்றை அடுத்து உடனே வைத்தது கேள்வி என்னும் அதிகாரத்தை. அடுக்கிய முறையிலேயே ஒரு கருத்து இருப்பதாக நான் கருதுகிறேன்: படிக்க வாய்க்காதவனுக்கும் வழி அடைபடவில்லை, கேட்டு அறியலாம். நம் தேநீர்க் கடைகளில் இந்த அதிகாரம் நாள்தோறும் நடக்கிறது. ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, நால்வர் கேட்டு, ஐந்தாமவர் மறுத்துப் பேசுவார். எங்கள் கரையில் வலை செப்பனிடும் நிழலிலும் அவ்வாறே. கைகள் வலையில், காதுகள் செய்தியில். இதைவிடச் சிறந்த படிப்பறை ஒன்று இருக்க முடியுமா? நூலகம் அமைதி காக்கும் இடம் என்று நாம் பழகிவிட்டோம். ஒரு மூலையில் அமைதி இருக்கட்டும், மற்றொரு மூலையில் உரக்கப் படிப்பதற்கும் இடம் இருக்கட்டும். விடுதலைக்குப் பின் யுனெஸ்கோவின் துணையோடு 1951இல் தில்லிப் பொது நூலகம் தொடங்கியபோது, புதிதாக எழுத்தறிந்த முதியவர்களை மனத்தில் வைத்தே அது திட்டமிடப்பட்டது. யுனெஸ்கோ 1949இல் வெளியிட்டு 1972, 1994, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பொது நூலக அறிக்கையும் வாழ்நாள் முழுவதும் கற்பதற்கான இடமாகவே நூலகத்தைக் காண்கிறது.

கேள்வி உயிரையே காத்த ஒரு நிகழ்ச்சி நம் கடற்கரையிலேயே உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி வட்டாரத்துச் சிற்றூர்களில் அறிவு மையங்களை ஏற்படுத்தியது. ஒரு கணினி, ஒரு தொலைபேசி, ஓர் அறிவிப்புப் பலகை, ஊர்த் தன்னார்வலர் ஒருவர், இவ்வளவே மூலதனம். வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் அன்றைய அலையின் உயரத்தைக் கணினியில் பார்த்து, அதை ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கணினியைத் தொட்டறியாத மீனவரும் கட்டுமரத்தைத் தள்ளுவதற்கு முன் நின்று கேட்டார். நூலகம் என்ற பெயர்ப் பலகை இல்லையே தவிர, செய்த வேலை அரங்கநாதன் விரும்பிய வேலைதான்: உரிய செய்தி, உரிய ஆளுக்கு, உரிய நேரத்தில்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அவ்வட்டாரத்து நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணிசெய்துகொண்டிருந்தார். சுமாத்திராவில் நிலநடுக்கம் என்றும் ஆழிப்பேரலை வருகிறது என்றும் தொலைக்காட்சியில் கண்டவர் உடனே ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊர் மக்கள் அறிவு மையத்துக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. உடைத்தார்கள், ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேட்டை நோக்கி ஓடித் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின; உயிர்கள் போகவில்லை. இந்தச் செய்தியை நான் வலை நிழலில் உரக்கப் படித்தபோது ஒருவரும் பேசவில்லை. அந்த நாளை எங்கள் கரையும் அறியும். கடைசியில் சித்தப்பா மட்டும், "பூட்ட ஒடச்சதுக்கு யாரும் கேஸ் போடலையே?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

கையில் கைபேசி இருக்கும்போது இனி நூலகம் எதற்கு என்று கேட்கலாம். கடல்நிலை முன்னறிவிப்பு இன்று கைபேசியிலேயே வருகிறது. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் அதைத் தருகிறது. மறுக்கவில்லை. ஆனால் அதே கைபேசியில் நேற்றைய வதந்தியும் இன்றைய செய்தி போல வந்து விழுகிறது. எது மெய், எது பொய் என்று பிரித்துச் சொல்ல, 'இதைப் பற்றி வேறெங்கே எழுதியிருக்கிறது?' என்று கேட்டால் எடுத்துக் காட்ட, ஓர் ஆள் வேண்டும். நூலகர் என்பவர் அந்த ஆள். புத்தகத்தில் முத்திரை குத்துவது அவருடைய வேலையில் மிகச் சிறிய பகுதி.

எடுத்துக் காட்ட வேண்டிய தாள்களும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு உண்டு. தொழிற்சாலை, துறைமுகம் போன்ற பெருந்திட்டங்களுக்கு அனுமதி தருமுன் அந்தப் பகுதி மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று நடுவண் அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கூறுகிறது. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தோடு மாநில மொழியிலும் இருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கத்தக்க இடங்களாக அலுவலகங்கள், ஊராட்சிகள் ஆகியவற்றோடு அந்த அறிவிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிடுவது எதைத் தெரியுமா? பொது நூலகத்தை. முதன்முதல் அந்த வரியைக் கண்டபோது நான் மூன்று முறை திரும்பப் படித்தேன். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. விரிவாக்கம் வேண்டும் என்போர் உண்டு, வேண்டாம் என்போர் உண்டு. எங்கள் ஏரியின் முகத்துவாரமும் இறாலும் என்ன ஆகும் என்பதே எங்கள் கவலை. எந்தப் பக்கம் நின்று பேசுவதானாலும் தாளைப் படித்துவிட்டுப் பேசுவதற்கும் படிக்காமல் பேசுவதற்கும் வேறுபாடு உண்டல்லவா? அலுவலக வாயிலில் நின்று 'அந்த அறிக்கையைக் காட்டுங்கள் ஐயா' என்று கேட்க எங்கள் ஊரார் தயங்குவார்கள். காவலர் ஏதாவது கேட்பார். எதற்கு, யார் அனுப்பினார்கள் என்பார்கள். நூலகத்தில் எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. அதுதான் அந்த இடத்தின் பெருமை.

இந்தச் செய்தியையும் சித்தப்பாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார்.

"தமிழ்லயே இருக்குமா?"

"சுருக்கம் தமிழ்லயும் இருக்கணும்னு போட்டிருக்குது சித்தப்பா."

"மறுபடியும் கூட்டம்னு சொன்னாங்கன்னா, எந்த லைப்ரரில வெச்சிருக்குறாங்கன்னு மொதல்ல கேட்டுக்கினு வா. வாரத்துல ஒரு நாள் இங்க ஒக்காந்து சத்தமா படி. முப்பது நாள் இருக்குது இல்ல, நாலு வாரம். நாலு தடவ கேட்டா எங்களுக்கும் புரியும்."

கூட்டம் மீண்டும் அறிவிக்கப்படும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று, சனிக்கிழமைதோறும் நிழலில் அமர்ந்து படிக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் வாரம் நாளிதழ், அடுத்த வாரம் இறால் வளர்ச்சி பற்றிய ஒரு சிறு நூல். நூலில் எழுதியிருந்த ஒரு பருவக் கணக்கு எங்கள் ஏரிக்குப் பொருந்தாது என்று மூன்று பேர் ஒரே குரலில் மறுத்தார்கள். ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன், நூலகரிடம் அனுமதி பெற்றுக்கொண்டுதான். சென்ற வாரம் நூலகத்துக்குப் புறப்பட்டபோது சித்தப்பா உள்ளே போய் மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் வைத்தார். பிரித்துப் பார்த்தால் வீட்டு வரி ரசீது.

"யாராவது இன்னா ஏதுன்னு கேட்டா காட்டு" என்றார்.